மட்டக்களப்பிலிருந்து படைமண்டலத்துக்கு: பலூனைத் தரையில் இறக்கும் கணக்கு

அமெச்சூர் வானொலிக் கருவி ஒன்றைக் கட்டி 30 கிலோமீற்றர் உயரத்துக்குப் பலூன் விடுவதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. வானிலை அவதானிப்புக்குப் பயன்படும் லேற்றெக்ஸ் பலூன், ஹீலியம், பரசூட், ஜி.பி.எஸ் பூட்டிய சின்ன ட்ரான்ஸ்மிற்றர், இவ்வளவுதான் சாமான். மட்டக்களப்பில் இருப்பவருக்குத் தலையிடி வேறு இடத்தில் இருக்கிறது. கரையை விட்டால் கிழக்கே நிக்கோபார் தீவுகள் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் வெறும் கடல். கருவி வைத்த பெட்டி திரும்பக் கைக்கு வர வேண்டுமென்றால் விடும் நாள், விடும் இடம், அடைக்கும் காஸின் அளவு மூன்றையும் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இந்த இடத்தில்தான் பிசகும். அதனால் காற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற காற்றெல்லாம் தரையோரக் காற்று. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் ஏறும் பலூன் அதை இருபது நிமிடத்தில் தாண்டிவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை சுமார் 6 கிலோமீற்றர் உயரம் வரைக்கும் மேற்கிலிருந்து வரும் காற்று. அதற்கு மேல் சில கிலோமீற்றர் காற்றுத் திசை தடுமாறும். 10 கிலோமீற்றரைத் தாண்டினால் நேர் எதிர்ப்பக்கம்: கோடைப் பருவத்துக்கே உரிய கீழைத் தாரைக்காற்று, அதாவது கிழக்கிலிருந்து ஆறுபோல ஒடுங்கி வேகமாக வரும் காற்று, 14 முதல் 16 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 30 மீற்றரையும் தாண்டி மேற்கு நோக்கி ஓடும்.

இதைத் தூரமாக்கிப் பார்க்கலாம். ஜூலை மாதம் மட்டக்களப்புக் கரையிலுள்ள கல்லடியில் விட்ட பலூன் முதல் இருபது நிமிடத்தில் 10 கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் போகும். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ‘போச்சு’ என்பார்கள். தாரைக்காற்றுப் படைக்குள் 23 நிமிடம் ஏறும்போது, சராசரி 25 மீற்றர் வேகம் என்றாலும், 35 கிலோமீற்றர் மேற்கே இழுபடும். அதற்கு மேலும் கோடையில் பெரும்பாலும் கீழைக்காற்றுத்தான். ஏற ஏற விரிந்து பலூன் வெடித்து, பெட்டி பரசூட்டில் இறங்கும்போது மறுபடியும் தாரைக்காற்றுக்குள் ஒன்பது நிமிடம், கடைசியில் மேற்கிலிருந்து வீசும் கச்சானில் 8 கிலோமீற்றர் கிழக்கே. கூட்டிக் கழித்தால் 60 முதல் 90 கிலோமீற்றர் மேற்கே விழும். அதாவது மாதுறு ஓயா தேசியப் பூங்காவின் காடு, அல்லது மகியங்கனைப் பக்கம். உள்ளே தள்ளி உன்னிச்சையில் விட்டால் நக்கிள்ஸ் மலைத்தொடர் வரை போய்விடலாம். கரையில் விட்டாலோ முதல் நாற்பது நிமிடத்துக்குள் பலூன் கிழிந்தால் கடல். ஆகவே கோடையை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

நல்ல காலம் பெப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. வாடை தளர்ந்திருக்கும், தரையோரக் காற்று மெதுவாக உள்நாட்டுப் பக்கம் தள்ளும். பெரும்போகம் வெட்டி முடிந்து வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகள், அதாவது வயல்வெளிகள், காய்ந்து வெறுமையாகக் கிடக்கும். மேல்காற்று இக்காலத்தில் பொதுவாக வலுக்குறைந்தது, சில நாட்களில் மேற்கிலிருந்தும் வரும். நவம்பர், டிசம்பர் மாதங்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை. மழையும் வெள்ளமும் வடிந்த பிறகு பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் படைமண்டலக் காற்று, அதாவது 17 கிலோமீற்றருக்கு மேல் வீசும் காற்று, ஒரே திசையில் நிற்பதில்லை. கிழக்கிலிருந்து ஒரு காலம், மேற்கிலிருந்து ஒரு காலம் என்று மாறி மாறி வீசி, ஒரு முழுச் சுற்று முடிய ஏறத்தாழ 28 மாதம் எடுக்கும். மேற்குக் காற்றுக் கட்டத்தில், பெப்ரவரியில் கூட, 17 முதல் 30 கிலோமீற்றர் வரை ஏறும் 43 நிமிடத்தில் பலூன் 25 கிலோமீற்றருக்கு மேல் கடற்பக்கம் தள்ளப்படலாம். போன வருடம் மார்ச்சில் வயலில் விழுந்ததே என்ற அனுபவம் இந்த வருட மார்ச்சுக்கு உதவாது. அப்படியான ஆண்டில் கரையை விட்டு உன்னிச்சை, ஆயித்தியமலை அளவுக்கு உள்ளே போய் விடுவதுதான் பாதுகாப்பு.

பாதையை முன்கூட்டிக் கணிக்க, பலூன்களைப் பின்தொடரும் சொண்ட்ஹப் இணையத்தளத்தின் கணிப்பான் போதும். அது ஜி.எஃப்.எஸ் என்ற கணினி வானிலை மாதிரியின் காற்றை எடுத்து ஏறுவேகம், வெடிக்கும் உயரம், இறங்குவேகம் மூன்றையும் வைத்துக் கோடு வரைந்து தரும். ஜி.எஃப்.எஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் முழுமையாக வெளிவர நான்கைந்து மணித்தியாலம் செல்லும். நம் நேரம் மாலை 5.30க்குரிய ஓட்டம் இரவு பத்து மணியளவில் கிடைக்கும், இரவு 11.30க்குரியது விடியற்காலை நான்கு மணியளவில். காலை ஆறு மணிக்கு விடுவதென்றால் இரவுக் கணிப்பை வைத்து இடத்தைத் தீர்மானித்து, நான்கு மணிக் கணிப்பை வைத்து ‘விடுவதா, வீட்டுக்குப் போவதா’ என்று தீர்மானியுங்கள். இரண்டு கணிப்புக்கும் இடையில் விழும் இடம் 20 கிலோமீற்றருக்கு மேல் தாவினால் வீட்டுக்குப் போவதே நல்லது.

இனிக் காஸ். உதாரணத்துக்கு 1,000 கிராம் பலூன் ஒன்றும், பெட்டி, பரசூட், நூல் எல்லாம் சேர்த்து 600 கிராம் சுமையும் எடுப்போம். செக்கனுக்கு 5 மீற்றர் ஏற வேண்டுமென்றால் பலூனின் கழுத்தில் மேல்நோக்கிச் சுமார் 1.65 கிலோ இழுவை இருக்க வேண்டும். அதற்கு 2.6 கன மீற்றர் ஹீலியம் வேண்டும். இப்படிப் பலூன் 7.86 மீற்றர் விட்டத்தில் வெடிக்கும் என்ற கணக்கில் உயரம் 33 கிலோமீற்றர், ஏற எடுக்கும் நேரம் 110 நிமிடம். காஸை மிச்சம் பிடித்துக் கழுத்து இழுவையை 1.2 கிலோவாக்கினால் ஏறுவேகம் 4 மீற்றராகக் குறைந்து, உயரம் ஒன்றரைக் கிலோமீற்றர் கூடி, நேரம் 143 நிமிடமாகும். 2.2 கிலோ இழுவைக்கு அடைத்தால் அரைக் கன மீற்றர் காஸ் கூடப் போகும், உயரம் 32 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, நேரமோ 91 நிமிடம்தான். சாதனை உயரம் தேடுபவர் இரண்டாவதைத் தேர்வார். கடலோரத்தில் இருப்பவருக்கு மூன்றாவதே சரி. ஒன்றேகால் கிலோமீற்றர் உயரத்தை விட்டுக்கொடுத்துக் காற்றில் அலையும் நேரத்தில் இருபது நிமிடத்தை வெட்டிவிடுகிறோம். காஸ் மிகவும் குறைந்த பலூனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது வெடிக்கும் விட்டத்தை எட்டாமலே மேலே மிதக்கத் தொடங்கி, காற்றுப் போகும் திக்கில் மணிக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கும்.

காஸைக் கடையில் வாங்கும்போது விழாப் பலூனுக்கென்று விற்பதை வாங்காதீர்கள். அதில் காற்றுக் கலந்திருக்கலாம், கணக்கெல்லாம் பிழைக்கும். கைத்தொழில் தர ஹீலியம் என்று கேட்டு வாங்குங்கள். 50 லீற்றர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 7 கன மீற்றர் இருக்கும். ஐதரசன் மலிவு, தூக்கும் சக்தியும் கொஞ்சம் கூட. ஆனால் அது தீப்பற்ற நிலைமின் பொறி ஒன்றே போதும். மாணவர்கள் நிற்கும் இடத்தில் அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

இழுவையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பலூன் கழுத்துக்குள் இறுக்கமாக நுழையும் எஸ்லோன் குழாய்த் துண்டில் காஸ் ஹோஸைப் பூட்டி, அதிலே தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். குழாய்த் துண்டு, கிளிப், போத்தல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து தராசில் சரியாகத் தேவையான கழுத்து இழுவையின் நிறை காட்ட வேண்டும். பலூன் அந்தப் போத்தலை நிலத்தை விட்டு மெல்லத் தூக்கி, ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் கணத்தில் காஸை மூடுங்கள். ஹோஸ் கீழே இழுத்தால் கணக்குப் பிழைக்கும் என்பதால் அளக்கும்போது அதைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். காற்று அடித்தால் போத்தல் ஆடி அளவு ஏமாற்றும். விடியலுக்கு முன் அடைப்பதற்கு இதுவே முதற் காரணம்.

பெட்டிக்கு மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கும் ரெஜிபோமே போதும், சுவர் 25 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது. உள்ளே வெப்பம் பற்றி ஒரு விடயம். ஐரோப்பியக் குறிப்புகளில் மிகக் குளிரான இடம் 11 கிலோமீற்றரில் −55 பாகை என்றிருக்கும். நமக்கு மேலே குளிர் உச்சம் 16–17 கிலோமீற்றரில், −80 பாகையை அண்டி இருக்கும். வெப்பமண்டலத்தின் மேல்வானம் ஐரோப்பாவின் மேல்வானத்தை விடக் குளிரானது. அதற்கு மேல் ஏற ஏறக் கொஞ்சம் சூடாகும். சாதாரண அல்கலைன் பற்றரி இந்தக் குளிரில் படுத்துவிடும், லிதியம்-பொலிமரும் அப்படித்தான். ஒருமுறை மட்டும் பாவிக்கும் ‘ஏஏ’ அளவு லிதியம் பற்றரி −40 பாகை வரை வேலை செய்யும், ஒன்று 15 கிராம்தான் நிறை. பெட்டிக்குள் அதையே போடுங்கள்.

குளிரை விட மட்டக்களப்பில் ஈரம் பெரிய எதிரி. விடியற்காலைக் காற்றில் பெட்டியை மூடினால் அந்த ஈரமெல்லாம் உள்ளே அடைபட்டு, மேலே போய்ச் சர்க்கிட்டிலும் கமராக் கண்ணாடியிலும் உறைபனியாகப் படியும். முதல் நாள் இரவே குளிரூட்டிய அறையில் பெட்டியை மூடி, சிலிக்கா ஜெல் பை இரண்டை உள்ளே போட்டு ஒட்டிவிடுங்கள். காற்றுப் புகாமல் முற்றாக அடைக்கவும் கூடாது. வெளி அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று மூடியைப் பிளக்கும். ஊசித்துளை ஒன்று போதும். முழு அமைப்பையும் ஓடவிட்டுப் பெட்டியோடு மூன்று மணித்தியாலம் டீப் பிறீசரில் வைத்துப் பாருங்கள். −18 பாகைதானே என்று நினைக்க வேண்டாம். மேலே காற்று மெல்லியது, வெப்பத்தைக் கொண்டுபோகும் வேகமும் குறைவு. பிறீசரில் நின்றது பெரும்பாலும் மேலேயும் நிற்கும்.

ஜி.பி.எஸ்தான் அதிக பலூன்களைத் தொலைத்தது. பழைய, மலிவான மொடியூல்கள் சில 18 கிலோமீற்றருக்கு மேல் இடம் சொல்ல மறுக்கும். ஏவுகணைக்குப் பயன்படாமல் இருக்க வைத்த கட்டுப்பாட்டைத் தயாரிப்பாளர் அளவுக்கு மீறிப் போட்டதன் விளைவு அது. யூ-புளொக்ஸ் நிறுவனத்தின் மொடியூல்களில் வேறு கதை: வழமையான அமைப்பில் 12 கிலோமீற்றரோடு நின்றுவிடும், பறப்புப் பயன்முறைக்கு, அதாவது மாதிரி இலக்கம் 6க்கு, மாற்றினால் 50 கிலோமீற்றர் வரை போகும். இந்தக் கட்டளையைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அனுப்பினால் போதாது. மின்சாரம் ஒரு கணம் தடுமாறி மொடியூல் மறுபடி எழும்பினால் பழைய பயன்முறைக்கே திரும்பிவிடும். நிமிடத்துக்கு ஒருதரமாவது பயன்முறையைக் கேட்டுச் சரிபார்த்து, மாறியிருந்தால் மீண்டும் அனுப்பும்படி புரோகிராம் எழுதுங்கள். கமராவை ஜி.பி.எஸ் அன்ரனாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கமரா ஓடத் தொடங்கியதும் செய்மதிகள் ஒவ்வொன்றாக மறைவதைக் காணலாம். உண்மையில் முதல் பறப்புக்குக் கமராவே வேண்டாம்.

வானொலிப் பகுதிக்கு 70 சென்ரிமீற்றர் அலைவரிசையில் 10 முதல் 50 மில்லிவாற்று தாராளம். 30 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அடிவானம் 700 கிலோமீற்றருக்கு அப்பால். கொழும்பு மட்டுமல்ல, சென்னையில் மொட்டைமாடியில் யாகியை, அதாவது ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் அன்ரனாவை, பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கும் நேர்பார்வை இருக்கும். தரவு அனுப்ப ஹோரஸ் பைனரி, லொரா என்று இரண்டு முறை உண்டு. ஹோரஸ் பைனரியை நான் லொராவை விட விரும்புவேன். செக்கனுக்கு 100 குறியீடு, நான்கு தொனி, பிழைதிருத்தம் சேர்ந்தது. கேட்பவருக்கு லப்டொப்பும் அதில் செருகி வானொலியாக்கும் ஒரு ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் டொங்கிளும் இருந்தால் போதும், தனியான வன்பொருள் வேண்டாம். கிடைத்த தரவு அப்படியே சொண்ட்ஹப்பில் ஏறும், எல்லோரும் ஒரே வரைபடத்தில் பார்க்கலாம். லொராவில் உள்ள வசதி, பெறும் பெட்டி சின்னது, காரில் தொங்கவிட்டு ஓடலாம். இரண்டையும் மாறி மாறி அனுப்பும் ட்ரக்கரும் (ஜி.பி.எஸ்ஸும் ட்ரான்ஸ்மிற்றரும் சேர்ந்த கருவி) உண்டு. எதுவானாலும் 433.92 மெகாஹேர்ட்ஸை விட்டுத் தள்ளி இருங்கள். கார்ச் சாவியும் கேற் ரிமோற்றும் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கும்.

அன்ரனாவின் நீளம் அலைநீளத்தின் காற்பங்கு. 434 மெகாஹேர்ட்ஸுக்கு நடுக்கம்பி 164 மில்லிமீற்றர், அதே அளவில் நான்கு கம்பி 45 பாகை சாய்த்து. பெட்டியின் அடியில் தலைகீழாகத் தொங்க வேண்டும், ஜி.பி.எஸ் மூடிப்பக்கம். நேர் கீழே நிற்பவருக்குச் சமிக்ஞை மெலியும், பயப்பட வேண்டாம். குளிரில் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் படிகம் சில நூறு ஹேர்ட்ஸ் விலகும். சமிக்ஞை எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்று காட்டும் வோட்டர்ஃபோல் திரையில் ஒரு கண் வைத்திருந்தால் துரத்திப் பிடிக்கலாம்.

பரசூட் 90 சென்ரிமீற்றர் விட்டம் இருந்தால் 600 கிராம் சுமை நிலத்தைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 5 மீற்றரை அண்டி இருக்கும். பழைய குடைச்சீலையிலும் தைக்கலாம். அது மடித்துப் பெட்டிக்குள் வைப்பதல்ல, பலூனுக்கும் பெட்டிக்கும் இடையில் திறந்தபடியே தொங்குவது. பலூனுக்கும் பரசூட்டுக்கும் இடையில் எட்டு மீற்றராவது நூல் விடுங்கள், குறைந்தால் வெடித்த றப்பர் பரசூட்டில் சுற்றிக்கொள்ளும். நூல் தடிப்பாக இருக்கவே கூடாது. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் 4 கிலோவுக்குக் குறைந்த சுமையைக் காவும் பலூன் ‘இலகு’ வகை. ஆனால் நூல் அறுபட 230 நியூட்டன், அதாவது 23 கிலோ அளவு இழுவை தேவைப்பட்டால் அது இலகு வகையிலிருந்து வெளியே போய்விடும்.

மின்சாரத்தில் சூடாகி நூலை நடுவானில் அறுக்கும் நைக்ரோம் கம்பி ஒன்றை வைப்பது கடலோரத்தில் வீண்செலவல்ல. கரையைத் தாண்டிக் கிழக்கே போனால் அறு என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால் கோடையில் பலூன் முதலில் கடலுக்குத்தான் போகும், பிறகுதான் திரும்பும். அந்தப் புரோகிராம் ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே பெட்டியைக் கடலில் போட்டுவிடும். எல்லையோடு உயரத்தையும் சேர்த்து, 12 கிலோமீற்றருக்கு மேல் போன பிறகும் கிழக்கேயே நின்றால் மட்டும் அறு என்று எழுத வேண்டும். அதோடு, விட்டு 130 நிமிடம் கடந்தால் எங்கிருந்தாலும் அறு என்ற நேரக் கட்டளையும் இருக்கட்டும்.

அனுமதி விடயம் சுருக்கமாக. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். பறக்கும் கருவியிலிருந்து அனுப்புவது பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும், பலூன் பற்றி சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் எழுத்தில் கேளுங்கள், வாரக்கணக்கில் முன்னதாக. மட்டக்களப்பு விமான நிலையம் வாவியின் மேற்கே பட்டினத்தை ஒட்டியே இருப்பதால் வவுணதீவுப் பக்கத்து வயல்களை விடும் இடமாகக் குறிக்க வேண்டாம். விழக்கூடிய பகுதிப் பொலிஸ் நிலையங்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். வயர் தொங்க, சிவப்பு விளக்கு மினுங்க, வானத்திலிருந்து விழுந்த பெட்டியை இந்தப் பக்கத்துச் சனம் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. மினுங்கும் விளக்கை எடுத்துவிடுங்கள். பெட்டியின் ஆறு பக்கத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில்: ‘வானிலைப் பரிசோதனைப் பெட்டி. ஆபத்தில்லை. இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.’ மை நீரில் கரையாததாக இருக்கட்டும்.

விடும் நாளில் படங்கை விரித்து அதன்மேல் பலூனை வையுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறை போடுங்கள். நெல் அறுத்த தாளின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் லேற்றெக்ஸைக் கீறும், ஆகவே படங்குக்குக் கீழே சாக்கும் போட்டால் நல்லது. கழுத்தை முறுக்கி, கேபிள் டை இரண்டு, மடித்து இன்னொன்று, மேலே டேப். ட்ரக்கரைப் பலூன் நிரப்பத் தொடங்குவதற்கு முன்பே போட்டு, வரைபடத்தில் இடம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். காஸ் அடைத்த பிறகு மென்பொருள் திருத்துவது நடக்காது. செக்கனுக்கு 3 மீற்றர் காற்று இருந்தால் பலூன் ஒரு மீற்றர் ஏற 60 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் போகும். பெட்டியோ பதினைந்து மீற்றர் கீழே தொங்குகிறது. காற்றுப் போகும் பக்கம் தென்னையும் மின்கம்பியும் இல்லாத இடமாகப் பார்த்து, பெட்டி பிடித்திருப்பவர் பலூனுக்கு நேர் கீழே ஓடி வந்த பின்பே கையை விட வேண்டும்.

துரத்த இரண்டு வாகனம் இருந்தால் ஒன்று செங்கலடி–பதுளை வீதியில் மகா ஓயாப் பக்கம், மற்றது பொலன்னறுவை வீதியில் வெலிக்கந்தையில் முன்கூட்டியே நிற்கட்டும். நடுவே காடு, குறுக்கு வழி என்று நம்பிப் புகக்கூடிய பாதை குறைவு. வெடித்த பின் 40 நிமிடத்தில் தரை. 60 கிலோமீற்றர் தள்ளி நிற்பவருக்குச் சமநிலத்தில் கூட 150–200 மீற்றர் உயரத்தோடு சமிக்ஞை அறும், குடும்பிமலை போன்ற குன்று இடையில் வந்தால் இன்னும் முன்னதாகவே. கடைசியாகக் கிடைத்த உயரத்தையும் இடத்தையும் வைத்துக் கணிப்பானை மறுபடி ஓடவிட்டு, அந்தப் புள்ளிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் போனால் சமிக்ஞை திரும்பக் கேட்கும். பெட்டி சரிந்து கிடந்தால் அன்ரனா படுத்திருக்கும், உங்கள் யாகியையும் படுக்கையாகத் திருப்பிப் பாருங்கள். கைத்தொலைபேசிச் சிம் போட்ட ட்ரக்கரை மட்டும் நம்பிப் போனவர்கள் அலைவரிசையே இல்லாத காட்டோரத்தில் நின்றிருப்பார்கள். வரைபடத்தையும் முதலே போனில் இறக்கி வையுங்கள்.

விழுந்த இடம் மாதுறு ஓயாப் பூங்கா எல்லைக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் சொல்லி, அவர்களோடுதான் உள்ளே போக வேண்டும். வெளியே என்றாலும் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு யானை நடமாடும் காட்டோரத்தில் தேட வேண்டாம். ட்ரக்கர் பற்றரி மூன்று நாள் ஓடும்படி போட்டிருந்தால், தரைக்கு வந்த பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அனுப்பும்படி எழுதியிருந்தால், மறுநாள் காலை போகலாம். வேளாண்மை நிற்கும் வயலில் விழுந்தால் வரம்பால் போங்கள், முதலில் வயற்காரரைத் தேடிப் பிடித்து, ‘அண்ணன், எங்கட பெட்டி ஒண்டு உங்கட வயலுக்க கிடக்கு’ என்று சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். எடுத்ததும் பற்றரியைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். பல ட்ரக்கர்கள் பதிவை நினைவட்டையில் மூடி எழுதும் முன் மின்சாரம் போனால் கடைசிக் கோப்பு கெட்டுவிடும். பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தி, கோப்பை லப்டொப்பில் பிரதி எடுத்த பிறகு கழற்றுங்கள்.